கூட்டமாய் வாழும் பிராணிகளும் மலைநாட்டுக் கமக்காரரும்

முன்னுரை

நுவரெலியா, ஹற்றன் ஆகிய பகுதிகளில் கோவா, கரட், லீக்ஸ், போஞ்சி, உருளைக்கிழங்கு முதலியவற்றைப் பயிரிடுவோரும், கொத்மலை, வலப்பனை, ஹங்குரன்கெத்தை ஆகிய இடங்களில் நெல் விளைவிப்போரும் பல்லாண்டுகளாகக் கூறிவரும் முறைப்பாடு ஒன்றுண்டு. "ஒரு குரங்கு வந்தால் விரட்டிவிடலாம், ஒரு பட்டாளமே வந்தால் என் செய்வது?" என்பதே அது. லயத்தின் பின்புறத்துள்ள சிறு நிலத்தில் மூன்று மாதம் பாடுபட்டு வளர்த்த மரக்கறி, ஒரு காலைப்பொழுதில் அழிந்துபோவதைக் கண்டவர்கள் பலர். கடன் பெற்று விதையும் பசளையும் வாங்கியவருக்கு இந்நட்டம் சிறியதன்று. காவலிருப்பதற்காகப் பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பாது நிறுத்தும் குடும்பங்களும் உள.

பகைவனின் பலம் எங்குள்ளது என்பதை அறியாது அவனை எதிர்த்தல் பயன் தராது. குரங்கின் பலம் அதன் பல்லிலும் கையிலும் மட்டும் இல்லை. அது கூட்டமாய் வாழ்வதிலேயே பெரிதும் உள்ளது. ஆகவே, முள்ளந்தண்டுளிகளாகிய மீன், பறவை, விலங்கு என்பன ஏன் கூடி வாழ்கின்றன, அவ்வாறு வாழும்படி அவற்றின் உடலில் அமைந்துள்ள ஏதுக்கள் யாவை, அவற்றை அறிவதாற் கமக்காரர் பெறும் பயன் யாது என்பவற்றை இப்பிரசுரம் எடுத்துரைக்கும்.

1. கூடி வாழ்வதன் இலாபமும் நட்டமும்

விளக்கொளியை நாடிப் பல பூச்சிகள் ஒன்றுசேர்வதுண்டு. அதனைச் சமூக வாழ்க்கை என்று கூறுதல் பொருந்தாது. ஒன்றையொன்று அறிந்து, ஒன்றின் செயலுக்கேற்ப மற்றொன்று நடந்து, நெடுங்காலம் உடன் வாழ்வதே சமூக வாழ்க்கை எனப்படும்.

இதனால் வரும் முதல் இலாபம் பாதுகாப்பு. தனித்து மேயும் விலங்கு, இரை தேடவும் வேண்டும். எதிரி வருகின்றதா என்று தலை நிமிர்ந்து பார்க்கவும் வேண்டும். பல கண்கள் உள்ள கூட்டத்தில் ஒவ்வொன்றும் சிறிது நேரமே காவல் புரிந்தாலும், கூட்டம் முழுவதற்கும் காவல் தடையின்றிக் கிடைக்கின்றது. ஹோட்டன் சமவெளியிற் புல் மேயும் மரைகளிடத்தில் இதனைக் காணலாம். ஒன்று எச்சரிக்கைக் குரல் எழுப்பியவுடன் யாவும் நிமிர்ந்து நிற்கின்றன. மேலும், சிறுத்தை ஒன்று பாயுமிடத்து, நாற்பது விலங்குகளுள் ஒன்றாய் இருப்பது, தனியொன்றாய் இருப்பதிலும் அபாயம் குறைந்தது.

மீன்களில் இதற்கென ஓர் இரசாயன முறையே அமைந்துள்ளது. கெண்டையினத்தைச் சேர்ந்த மீனொன்றின் தோல் கிழிந்தால், அத்தோலிலிருந்து ஒருவகைப் பொருள் நீரிற் கலக்கின்றது. அதனை முகர்ந்த மற்றைய மீன்கள் உடனே நெருங்கிக் கூடுகின்றன. அல்லது சிதறி மறைகின்றன. இவ்வுண்மையை 1938ஆம் ஆண்டில் வெளியிட்டவர், தேனீக்களின் நடனத்தை ஆராய்ந்து 1973ஆம் ஆண்டில் நோபெல் பரிசு பெற்ற கார்ல் வொன் பிரிஷ் என்னும் அறிஞராவர்.

நட்டங்களும் உள. கூட்டம் பெருகப் பெருக உணவுக்குப் போட்டி மிகும், நோய் எளிதிற் பரவும், சண்டைகள் மலியும். இலாபம் நட்டத்திலும் மிகுந்துள்ள அளவிலேயே கூட்டம் நிலைபெறும். உணவு குறைந்து கூட்டம் பெருத்தால் அது பிளவுபடும். இவ்வுண்மையை நினைவிற் கொள்க. பின்னர் இது பயன்படும்.

2. உடலினுள் நிகழ்வன

கூடி வாழ வேண்டும் என்று ஒரு பசுவுக்கோ குரங்குக்கோ எவரும் கற்பிப்பதில்லை. அவ்விருப்பத்தை உண்டாக்கும் ஏதுக்கள் மூளையிலும் குருதியிலும் உள்ளன. அவற்றுள் முதன்மையானது ஒட்சிற்றோசின் எனப்படும் ஓமோன். இது மூளையின் பரிவகக்கீழ் என்னும் பகுதியில் உண்டாகி, கபச்சுரப்பியின் பின்பகுதியினூடாகக் குருதியிற் சேர்கின்றது.

இவ்வோமோனை நாம் நாள்தோறும் மாட்டுத் தொழுவத்திற் பயன்படுத்துகின்றோம். கன்று முட்டும்பொழுதோ, பால் கறப்பவர் மடியை வெந்நீராற் கழுவித் தடவும்பொழுதோ, அவ்வுணர்ச்சி நரம்பு வழியே மூளையை அடைகின்றது. ஒட்சிற்றோசின் வெளிப்பட்டு, ஏறக்குறைய ஒரு நிமிடத்தில் மடியை அடைந்து, பாற்சுரப்பியைச் சூழ்ந்துள்ள நுண்ணிய தசைக் கலங்களைச் சுருங்கச் செய்கின்றது. அதனாற் பால் இறங்குகின்றது. இதன் வலிமை சில நிமிடங்களே நிற்பதால், மடியைக் கழுவியபின் தாமதியாது கறத்தல் வேண்டும். பசுவை அடித்தாலோ, நாய் குரைத்து வெருட்டினாலோ அதிரினலின் என்னும் வேறோர் ஓமோன் எழுந்து, இவ்வேலையைத் தடுக்கின்றது. பழகிய கையும் அமைதியான தொழுவமும் பாலைப் பெருக்கும் என்று முதியோர் கூறியதன் காரணம் இதுவே.

இதே ஓமோன் தாயையும் சேயையும் பிணிக்கும் கயிறாகவும் உள்ளது. ஆடு குட்டியை ஈனும்பொழுது அதன் மூளையில் ஒட்சிற்றோசின் பெருகுகின்றது. அப்பொழுது அது குட்டியை நக்கி, அதன் மணத்தை அறிந்துகொள்கின்றது. பிரசவத்தின்பின் சில மணி நேரமே இவ்வறிவு எளிதில் உண்டாகும். அக்காலத்தில் குட்டியைப் பிரித்து வைத்தால், பின்னர் தாய் அதனை ஏற்க மறுத்தலும் கூடும். ஆகவே, தக்க காரணமின்றி ஈன்ற உடனே குட்டியைப் பிரித்தல் தகாது.

தாய்க்கும் சேய்க்கும் இடையில் முதலில் ஏற்பட்ட இவ்வேற்பாடே, கூர்ப்பின் போக்கில் ஆணையும் பெண்ணையும், தோழமை பூண்டவற்றையும் பிணிக்கப் பயன்படலாயிற்று என்று அறிஞர் கருதுவர். வட அமெரிக்காவின் புல்வெளியில் வாழும் ஒருவகை வயல் எலியில் ஆணும் பெண்ணும் பிரியாது வாழ்கின்றன. அதற்கு நெருங்கிய உறவினதாகிய மலை எலியில் அவ்வாறில்லை. ஆராய்ந்தபொழுது, ஒட்சிற்றோசினையும் அதனை ஒத்த வாசோபிரசின் என்னும் ஓமோனையும் ஏற்கும் வாங்கிகள், இவ்விரு எலிகளின் மூளையிலும் வெவ்வேறு இடங்களில் அமைந்திருத்தல் தெரியவந்தது. ஓமோன் ஒன்றே, அதனை ஏற்கும் இடம் வேறாயின் நடத்தையும் வேறாகின்றது.

குரங்குகள் ஒன்றுக்கொன்று மயிர் கோதி விடுவதை யாவரும் கண்டிருப்பர். உண்ணியும் அழுக்கும் நீங்குதல் அதன் ஒரு பயனே. கோதப்படும் குரங்கின் மூளையில் என்டோபின் என்னும் அமைதி தரும் பொருள் மிகுவதையும் ஆராய்ச்சியாளர் அளந்து கண்டுள்ளனர். இவ்வாறு நாள்தோறும் கோதிக் கொள்ளும் குரங்குகளே, சண்டை நேருங்கால் ஒன்றுக்கொன்று துணை நிற்கின்றன.

3. உறவும் உதவியும்

தன் நலத்தைக் குறைத்துக்கொண்டு பிறிதொன்றுக்கு ஒரு பிராணி ஏன் உதவுகின்றது? இவ்வினாவுக்கு 1964ஆம் ஆண்டில் ஹமில்ற்றன் என்னும் ஆங்கில அறிஞர் கணக்கின் வழியாக விடை கூறினார். உறவினர்களிடையே பரம்பரையலகுகள் பொதுவாக உள்ளன. தாய்க்கும் மகளுக்கும் இடையில் அவை பாதி. ஒரே தாய் தந்தையின் பிள்ளைகளிடத்தும் சராசரியாகப் பாதி. தாய் ஒன்றாகித் தந்தை வேறானாற் காற்பங்கு. உதவி பெறுவது அடையும் நன்மையை இப்பங்கினாற் பெருக்கி வருந்தொகை, உதவி செய்வது அடையும் நட்டத்திலும் மிகுதியாயின், அவ்வுதவிக் குணம் தலைமுறைதோறும் நிலைக்கும் என்பது அவர் கண்ட விதி.

நம் வீட்டு வேலியோரத்தில் ஆறேழாய்க் கூடித் தத்தி, இடையறாது கத்தி, இலைச் சருகைக் கிளறிப் பூச்சிகளைப் பொறுக்கும் தவிட்டுக்குருவி இதற்குத் தக்க உதாரணம். ஒரு சோடி முட்டையிட்டுக் குஞ்சு பொரித்தால், கூட்டத்திலுள்ள மற்றவையும் அக்குஞ்சுகளுக்கு இரை கொணர்ந்து ஊட்டுகின்றன. ஒரு குஞ்சுக் கூட்டத்துக்கு இத்தனை பேர் பூச்சி தேடுவதால் நன்மை பெறுவோர் கமக்காரரும் ஆவர். ஆதலால் இப்பறவையின் கூட்டைக் கலைத்தல் தகாது.

4. செங்குரங்கின் குடும்பம்

இனி நம் மரக்கறிப் பாத்திக்கு வருவோம். சிங்களத்தில் 'ரிலவா' என வழங்கும் செங்குரங்கு, இலங்கையைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக வாழ்வதில்லை. உச்சந்தலையில் மயிர் தொப்பி போல வட்டமாகப் படர்ந்திருப்பது இதன் அடையாளம். இதில் மூன்று உட்பிரிவுகள் உள்ளன. நுவரெலியா, ஹக்கலை முதலிய குளிர்ந்த மலைப் பகுதிகளில் வாழும் பிரிவுக்கு மயிர் நீண்டும் அடர்ந்தும் இருக்கும். 'வந்துரா' என வழங்கும் மந்தியோடு இதனை மயக்குதல் கூடாது. மந்தி பெரும்பாலும் மரத்தில் இலை தின்று வாழ்வது. அதன் கூட்டத்தில் வழக்கமாக ஓர் ஆணே தலைமை தாங்கும். செங்குரங்கோ தரையிலும் இறங்கித் திரிவது. கன்னப் பையில் உணவை அடைத்துக்கொண்டு ஓடுவது. பல ஆண்களையும் பல பெண்களையும் கொண்ட கூட்டமாய் வாழ்வது.

பொலன்னறுவையின் பழைய நகர்ப் பகுதியில் வாழும் செங்குரங்குகளை 1968ஆம் ஆண்டு முதல் வொல்ப்காங் டிட்டஸ் என்னும் அறிஞரும் அவருடைய துணைவரும் ஆராய்ந்து வந்துள்ளனர். ஒவ்வொரு குரங்கையும் முகத்தால் அடையாளங்கண்டு, தாய், மகள், பேத்தி என்று தலைமுறை தலைமுறையாக எழுதி வைத்த ஆராய்ச்சி அது. அதனால் விளங்கிய உண்மைகளுள் நமக்கு வேண்டியவை வருமாறு:

(அ) கூட்டத்தின் முதுகெலும்பு பெண் குரங்குகளே. பெண் தான் பிறந்த கூட்டத்திலேயே இறுதிவரை வாழும். ஆண் பருவமடையுங்காலத்திற் பிறந்த கூட்டத்தை விட்டு வேறு கூட்டத்தை நாடிச் செல்லும். இதனால் நெருங்கிய உறவினுள் இனம் பெருகுவது தவிர்க்கப்படுகின்றது. பெரிய ஆண் ஒன்றை ஒழித்தால் கூட்டம் அழிந்துவிடும் என்று எண்ணுவது தவறு; வேறோர் ஆண் அவ்விடத்துக்கு வந்துவிடும்.

(ஆ) கூட்டத்திற் பதவி ஒழுங்கு உண்டு. உயர்ந்த தாயின் மகள் உயர்ந்த பதவியையும், தாழ்ந்த தாயின் மகள் தாழ்ந்த பதவியையும் பெறுகின்றது.

(இ) உணவு சுருங்கும் காலத்தில் தாழ்ந்த பதவியிலுள்ளவையும் குட்டிகளும் நல்ல உணவிலிருந்து விரட்டப்படுகின்றன. அவற்றுள்ளேயே சாவு மிகுதி. இவ்வாறே காட்டில் குரங்கின் தொகை இயற்கையாகக் கட்டுப்படுகின்றது.

(ஈ) கூட்டம் அளவுக்கு மேற் பெருத்தால், தாய்வழிக் குடும்பங்களையொட்டி அது இரண்டாகப் பிரிகின்றது.

இவற்றுள் மூன்றாவதையும் நான்காவதையும் சேர்த்து நோக்குக. லயத்தின் அருகில் எறியும் மிஞ்சிய சோறும், கோவாவின் கழிவிலையும், வீதியோரத்தில் உல்லாசப் பிரயாணிகள் கொடுக்கும் பழமும், பசியால் இறந்திருக்கக் கூடிய குட்டிகளைப் பிழைக்கச் செய்கின்றன. சில ஆண்டுகளிற் கூட்டம் பெருத்து இரண்டாகின்றது. ஒரு கூட்டம் வந்த பாத்திக்கு இரு கூட்டம் வருகின்றன. குரங்கின் பெருக்கத்துக்கு நாமே வித்திட்டவராகின்றோம்.

5. பதவி ஒழுங்கின் பயன்

பதவி ஒழுங்கு குரங்கிடத்து மட்டும் உள்ளதன்று. நோர்வே நாட்டைச் சேர்ந்த ஷெல்டெரப் எபே என்பவர் கோழிகளிடத்து இதனைக் கண்டு 1922ஆம் ஆண்டில் வெளியிட்டார். முதற்கோழி எல்லாவற்றையும் கொத்தும். கடைக்கோழி எல்லாவற்றாலும் கொத்தப்படும். ஒழுங்கு நிலைத்தபின் சண்டை குறைகின்றது. புதிய கோழிகளை இடையிற் சேர்த்தால் ஒழுங்கு கலைந்து சண்டை மிகும், முட்டை குறையும். ஆகவே, கோழிகளை அடிக்கடி இடம் மாற்றாதிருத்தலும், தீன்தொட்டிகளைப் பல இடங்களில் வைத்துக் கடைக்கோழிக்கும் இரை கிடைக்கச் செய்தலும் நன்று.

இங்கு ஒன்று கூறவேண்டியுள்ளது. கோழிக்கும் குரங்குக்கும் உள்ள இவ்வொழுங்கைக் காட்டி, மனிதரிடையே பிறப்பால் உயர்வு தாழ்வு உண்டென்று வாதிப்போர் உளர். அது அறிவுக்கு ஒவ்வாது. இயற்கையில் ஒன்று உள்ளது என்பது, அது நமக்கு விதி என்பதாகாது. குரங்கு தன் ஒழுங்கை மாற்ற இயலாது; மனிதர் கல்வியாலும் சட்டத்தாலும் மாற்ற வல்லவர்.

6. உணவழைப்பு

செங்குரங்கு நல்ல உணவை மிகுதியாகக் கண்டவுடன் ஒரு தனிக் குரலை எழுப்புகின்றது. அதனைக் கேட்ட கூட்டத்தார் அவ்விடத்துக்கு விரைந்து வருவர். டிட்டஸ் இதனை 1984ஆம் ஆண்டில் ஆராய்ச்சிக் கட்டுரையாக வெளியிட்டார். முதலில் ஒன்றிரண்டு குரங்குகள் வேலியருகில் தோன்றுவதும், சிறிது நேரத்திற் பட்டாளமே இறங்குவதும் இதனாலேயே. முதலில் வந்தவை உணவைக் கண்டு அழைப்பதற்கு முன்னர் விரட்டப்படின், பெருங்கூட்டத்தைத் தடுக்கலாம். பாத்தியில் வாய் வைத்தபின் விரட்டுவது கடினம்.

மேலும், குரங்கு கற்கும் இயல்பினது. நாள்தோறும் ஒரே இடத்தில் நிற்கும் வெருளியைச் சில நாட்களில் அது அஞ்சாது. ஒன்று கற்றதைப் பார்த்து மற்றவையும் கற்கின்றன. தாய் அறிந்த வழியைக் குட்டி அறிகின்றது. ஒருமுறை ஒரு தோட்டத்தின் சுவையறிந்த கூட்டம், அந்நினைவை எளிதில் இழப்பதில்லை.

7. செய்யத் தகாதவை

குரங்குகளைப் பிடித்து வேறிடத்தில் விடுதல் பயனற்றது. விடப்பட்ட இடத்திலுள்ள கமக்காரருக்கு அது துன்பமாகும். வெற்றிடமான காட்டுக்கு அயற்கூட்டம் வந்து சேரும். செங்குரங்குகளில் 100,000ஐச் சீனாவுக்கு அனுப்பும் யோசனையொன்று 2023ஆம் ஆண்டில் எழுந்து, அவ்வாண்டிலேயே கைவிடப்பட்டது. 2025ஆம் ஆண்டு மார்ச் மாதம் 15ஆந் தேதி காலை 8 மணி முதல் ஐந்து நிமிட நேரம், பயிரழிக்கும் பிராணிகளை நாடெங்கும் கமக்காரரும் பொதுமக்களும் எண்ணினர். அம்முறையின் திருத்தத்தை ஆராய்ச்சியாளர் பலர் ஐயுற்றனர். எத்தனை குரங்குகள் என்பதோடு, எத்தனை கூட்டங்கள், ஒவ்வொன்றும் எக்காட்டில் உறங்கி எவ்வழியாக வருகின்றது என்பதை ஊரார் அறிந்திருத்தலே கூடிய பயன் தரும்.

கம்பிக் கண்ணி வைத்தல் மிகத் தீது. காட்டுப்பன்றிக்கென வைத்த கண்ணி, பன்றியை அறிந்து பிடிப்பதில்லை. 2020ஆம் ஆண்டு மே மாதத்தில் நல்லதண்ணிப் பகுதியில் அரிய கருஞ்சிறுத்தை ஒன்று கண்ணியில் அகப்பட்டுப் பின்னர் இறந்தது. சிறுத்தையே குரங்குக்கும் பன்றிக்கும் இயற்கைப் பகைவன். அதனை இழப்பது நம் காவற்காரனை இழப்பதாகும். நஞ்சு வைத்தலும், வேலியில் வீட்டு மின்சாரத்தைப் பாய்ச்சுதலும் மனிதருடைய உயிருக்கே ஆபத்து.

8. செய்யத் தக்கவை

(1) சேர்ந்து காத்தல். ஒருவர் மட்டும் தம் பாத்தியைக் காத்தால், கூட்டம் அயலவரின் பாத்தியில் இறங்கும். ஒரு மலைச்சரிவிலுள்ள அனைவரும் சேர்ந்து முறைக்காவல் ஏற்படுத்துக. பத்துக் குடும்பங்கள் நாளுக்கொன்றாக முறைவைத்தால், ஒரு குடும்பத்துக்குப் பத்து நாளில் ஒருநாளே காவல். பிள்ளைகளும் தவறாது பாடசாலை செல்லலாம்.

(2) நேரமறிந்து காத்தல். குரங்குகள் இரவில் மரத்தில் உறங்கி விடியலில் இறங்குவன. காட்டோரத்தில் அதிகாலையிலேயே காவலர் நிற்றல் வேண்டும். முதலில் வரும் ஒன்றிரண்டையே விரட்டுக.

(3) கழிவை மறைத்தல். மரக்கறிக் கழிவையும் சமையற் கழிவையும் குழியிலிட்டு, மண்ணால் மூடிக் கூட்டெருவாக்குக. குரங்குக்கு எவரும் உணவு கொடாதிருக்கச் செய்க.

(4) இடம் விடுதல். காட்டுக்கும் பாத்திக்கும் இடையே மாட்டுப் புல்லையோ தேயிலையையோ வளர்த்து, இடையிலுள்ள மரக்கிளைகளை வெட்டி வெளியாக்குக. பதுங்கவும் மரமேறித் தப்பவும் இடமில்லாத வெளியைக் கடக்கக் குரங்கு தயங்கும். அது விரும்பியுண்ணும் பயிரை வீட்டுக்கு அண்மையில் நடுக.

(5) முறையை மாற்றுதல். ஒலி, வெருளி, நாய் என்பவற்றை மாற்றி மாற்றிப் பயன்படுத்துக.

(6) பன்றிக்குக் காவல். காட்டுப்பன்றியிலும் கூட்டமாய்த் திரிவன தாய்ப்பன்றிகளும் குட்டிகளுமே. வளர்ந்த ஆண் பெரும்பாலும் தனித்துத் திரியும். அவை இரவில் வருவன. நெல் முற்றுங்காலத்தில் வயலைச் சூழ்ந்தோர் யாவரும் ஒரே காலத்தில் விளக்குடன் காவலிருத்தல் நன்று.

முடிவுரை

கோப்பிக்காகவும் பின்னர் தேயிலைக்காகவும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இம்மலைகளின் காடு பெரும்பாலும் வெட்டப்பட்டது. எஞ்சிய சிறு காடுகளில் ஒதுங்கிய பிராணிகள் நம் பாத்திக்கு வருவதில் வியப்பில்லை. உலகில் வேறெங்குமில்லாத இச்செங்குரங்கு அழியும் அபாயத்திலுள்ள இனமென்று உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் பட்டியலிற் குறிக்கப்பட்டுள்ளது. நம் பயிரை அது அழிப்பதும் உண்மை. அதன் இனம் குறுகிவருவதும் உண்மை. இரண்டையும் நினைவிற்கொண்டே நாம் செயலாற்ற வேண்டும்.

கூடி வாழ்தலால் ஒரு சிறு குரங்கு பெற்ற பலத்தைக் கண்டோம். தாய்வழி உறவும், நாள்தோறும் கோதும் நட்பும், ஒன்று கண்டதை எல்லாவற்றுக்கும் உரைக்கும் குரலும் அதன் ஆயுதங்கள். அக்கூட்டத்தை ஒரு கமக்காரர் தனித்து நின்று வெல்லுதல் அரிது. ஒரு சரிவிலுள்ள பத்துக் குடும்பங்கள் சேர்ந்தால் எளிது. வருகின்ற போகத்துக்கு விதை வாங்குமுன், அயலவருடன் கூடியிருந்து முறைக்காவலைத் தீர்மானித்துக்கொள்ளுங்கள்.